ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கும் நேரம்

என் அக்கா மகனுக்குச் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் லேத் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வில்லியனூர் வீட்டுப் பின்கட்டில் கார் கட்டுகிற வேலை. மூன்று வருஷமாகக் கட்டுகிறான். பழைய மாருதி 800 ஒன்றைக் காயலான் கடைக்குப் போகிற விலையில் வாங்கினான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே கட்டாக இறக்கி, தானே வெட்டிப் பற்றவைத்த சதுரக் குழாய்ச் சட்டத்தில், ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்தான். மேல்கூடு ஃபைபர். நரம்பையில் மீன்பிடிப் படகுக்கு ஃபைபர் போடுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டான். “திருக்கனூர்ல காகிதக்கூழ் பொம்மை செய்வாங்கல்ல மாமா, அதே கதைதான். அச்சு மேல அடுக்கடுக்கா ஒட்டணும். பசைக்குப் பதிலா ரெசின், காகிதத்துக்குப் பதிலா கண்ணாடி நார்ப் பாய்” என்று எனக்கு விளக்கினான். உடனே புரிந்துவிட்டது.

போன வாரம் ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் பிடித்துக்கொண்டான்.

“வண்டி ரெடி மாமா. இருங்காட்டுக்கோட்டையில டிராக் டே போடுறாங்களாம். நீங்களும் வாங்க.”

“எப்படிக் கொண்டுபோவ?”

“ஓட்டிக்கிட்டுதான்.”

“இன்னொரு டீ சொல்லு மாப்ள. இது ஒரு டீயில முடியற பேச்சு இல்ல.”

முதலில் சட்டம். அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவு: கம்பெனி சொன்ன அமைப்பிலிருந்து பதிவுச் சான்றில் இருக்கிற விவரம் மாறிப்போகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. புது வண்டியாகவே பதியலாம் என்றால், அதன் மாதிரியைப் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வண்டி விற்கிற கம்பெனிக்கு அந்தச் செலவு கட்டும்; பின்கட்டில் ஒரே ஒரு வண்டி கட்டுகிறவனுக்குக் கட்டாது. பிரிட்டனில் ஒற்றை வண்டிக்கென்றே தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். வீட்டில் கட்டிய காரைக் கொண்டுபோய்க் காட்டி, தேறினால் நம்பர் வாங்கி ரோட்டிலேயே ஓட்டலாம். நமக்கு அந்த வாசல் இல்லை. ஆகவே வண்டி குட்டி லாரியில் ஏறித்தான் போக வேண்டும். திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாக மூன்றரை மணி நேரம். “கல்யாணப் பொண்ணு மாதிரி அலங்காரம் பண்ணி வண்டியில ஏத்தி அனுப்பணும்னு சொல்லுங்க” என்றான். கயிறு மட்டும் சக்கரத்தில் கட்டு, ஃபைபரில் கட்டாதே என்றேன்.

வீட்டில் கார் கட்டுவது என்னவோ இவன் கண்டுபிடித்த பைத்தியம் என்று அக்கா நினைக்கிறாள். 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மேன் என்பவர் லோட்டஸ் செவன் என்ற காரைப் பெட்டி பெட்டியாகப் பிரித்தே விற்றார். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு, உதிரியாக வாங்கி வீட்டில் மாட்டிக்கொண்டால் இல்லை. வரிக்காகப் பிறந்த வகை அது. 1973இல் அந்த வண்டியின் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது, இன்னமும் விற்கிறார்கள். 1990களில் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று ஒரு புத்தகமே எழுதினார். இவன் சட்டம் அடித்திருப்பதும் அந்த ஒரு அங்குலச் சதுரக் குழாய்க் கணக்கில்தான்.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவை. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடந்தது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பந்தயம் நடத்தியது. ரேஸ் கார் இறக்குமதி செய்ய யாரிடம் அனுமதி இருந்தது? ஃபியட், ஹெரால்டு என்று கையில் கிடைத்ததைக் கழற்றி, இளைக்கவைத்து, பட்டறையில் உருமாற்றிக் கொண்டுவருவார்கள். கோயம்புத்தூர் கரிவர்தன் அந்தப் பட்டறைக் கலையை ஒழுங்குக்குக் கொண்டுவந்த மனிதர். 1988இல் மாருதி 800 எஞ்சினைப் பின்னால் வைத்த ஒற்றை இருக்கைக் காரை வடிவமைத்து, எல்லாரும் ஒரே மாதிரிக் காரில் ஓட்டட்டும் என்று ஒரு பந்தய வகையையே உண்டாக்கினார். ஃபார்முலா மாருதி என்பார்கள். நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயத்தில் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன் வரை போனார். கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான். ஆக, மாருதி எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைப்பது நம் ஊரில் முப்பது வருஷத்துக்கு மேலான சம்பிரதாயம். இதை அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். “அவங்கல்லாம் மில்லு வெச்சிருந்தாங்கடா” என்றாள். நியாயமான பதில்.

சரி, டிராக் டே என்றால் என்ன? பந்தயம் கிடையாது. பணம் கட்டி, உன் வண்டியை நீயே மூடிய தடத்தில் ஓட்டிப் பார்க்கிற நாள். பத்துப் பதினைந்து, இருபது நிமிஷத் தவணையாக விடுவார்கள். முந்துவதற்கு விதி உண்டு. முன்னால் போகிறவன் கை காட்டின பிறகுதான் தாண்டலாம். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் வந்தது. 3.7 கிலோமீட்டர், 12 திருப்பம். எதிரே லாரி வராது, மாடு வராது, ஸ்பீடு பிரேக்கர் இல்லை. வண்டிக்கு இளைப்பாறுதலும் இல்லை. சிக்கலே அங்கேதான்.

கடை பாய்லரைக் காட்டிக் கேட்டேன். “இந்த பாய்லர்ல ஒரு லிட்டர் தண்ணி கொதிக்க எவ்வளவு நேரமாகும்?”

“அஞ்சாறு நிமிஷம்?”

உன் வண்டி 600 கிலோ, நீ 70 என்று வைத்துக்கொள். 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, திருப்பத்துக்காக 60க்கு இறக்குகிறாய். அந்த ஓட்டத்தில் இருந்த சக்தி எங்கே போகும்? அப்படியே சூடாகிப் பிரேக் டிஸ்கில் இறங்கும். அந்தச் சூட்டைப் பிடித்து வைத்தால், குழாயில் பிடித்த ஒரு லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்டக் கொதித்துவிடும். எட்டு டீக்கான தண்ணீர், நாலு செகண்டில். ஒரு சுற்றில் நாலு தடவை இப்படி அமுக்குகிறாய் என்றால் நாலு லிட்டர். ஒரு தவணையில் எட்டுச் சுற்று ஓட்டினால் கல்யாணப் பந்திக்கே டீ போடலாம். ரோட்டில் இதே வண்டியை எத்தனை வேகத்தில் ஓட்டினாலும், ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் நடுவே டிஸ்க் ஆற நேரம் கிடைக்கும். தடத்தில் கிடைக்காது.

சூடு அங்கிருந்து பேடு வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகும். ஆயில் என்று நாம் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் இல்லை. ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும் என்று தர விதி. ஈரம் குடித்துவிட்டால் 140. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நம்மூர்க் கடல் காற்றில் மூடி திறந்து வைத்த டப்பா எத்தனை நாள் தாங்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். கொதித்த இடத்தில் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, அதனால்தான் பிரேக்கே பிடிக்கிறது. ஆவியை அமுக்கலாம். நீ மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும்; பெடல் சத்தமில்லாமல் தரையைத் தொடும்.

எனக்கு அது நடந்திருக்கிறது. சிநேகிதர் ஒருவரின் பழைய வண்டி. பிரேக் ஆயிலை மாற்றினேனா என்று அவர் கேட்டார், மாற்றினேன் என்றேன். மாற்றினது போன வருஷம். மூன்று சுற்று தேவலோகம். நாலாவது சுற்றில் பெடல் பஞ்சு மெத்தை மாதிரி இறங்கியது. இன்னொரு தரம் மிதித்தேன், இன்னொரு தரம். பம்ப் அடிக்க அடிக்கக் கொஞ்சம் பிடித்தது, அதற்குள் ரோடு தீர்ந்து புல்லும் மண்ணுமாகப் போய் நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டிக்குள்ளே ஒரு கிலோ மண். வெட்கத்தை எடைபோடத் தராசு இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, காலால் படிக்க வேண்டியது. பெடல் மெத்தென்று கீழே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல்லு மாதிரி நிற்கிறது, வண்டி மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது என்றால் ஆயில் மேல் தப்பில்லை. பேடில் இருக்கிற பிசின் வெந்து, டிஸ்குக்கும் பேடுக்கும் நடுவே வழுக்குகிறது. முதலாவதற்குப் புது ஆயிலும் ஏர் எடுப்பதும் மருந்து. இரண்டாவதற்கு வேறு பேடு, டிஸ்குக்குக் காற்று. இரண்டுக்கும் உடனடி வைத்தியம் ஒன்றே: வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று சும்மா வந்து, உள்ளே போய்விடு.

“என் வண்டியில நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் மாமா” என்றான் பெருமையாக. இன்னொரு மாருதியின் முன்பக்க சாமானை வாங்கி முன்னாலும் போட்டிருக்கிறான். பின்னால் ஏற்கெனவே எஞ்சினோடு வந்த முன்பக்க சாமான். ஆக நாலும் ஒரே அளவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன வயதில் சைக்கிளில் பின் பிரேக்கை மட்டும் அமுக்கிச் செம்மண்ணில் வாலை வீசி விளையாடியிருக்கிறாயா என்று கேட்டேன். அதே ஆட்டம்தான் இங்கேயும் நடக்கும். பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிறது. இலேசான சக்கரத்துக்கும் பாரமான சக்கரத்துக்கும் ஒரே பிடி கொடுத்தால் பின்னால் முதலில் லாக் ஆகும். லாக் ஆன சக்கரம் பக்கவாட்டில் எதையும் பிடித்து நிற்காது. பின்பக்கம் முன்னால் வந்து உன்னை எட்டிப் பார்க்கும். முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி திரும்பாது, நேராகப் போகும். அது பயமுறுத்தும், ஆனால் சுற்றாது. ஆகவே பின் லைனில் அழுத்தம் குறைக்கிற வால்வு ஒன்று வை. இல்லையென்றால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் போட்டு, நடுவில் சமன் தண்டு வைத்து, முன் பக்கம் கொஞ்சம் முந்திக்கொள்கிற மாதிரி திருகிக்கொள்.

அடுத்தது அவன் யோசித்தே பார்க்காத விஷயம். முன்னால் இருந்த சாமானைப் பின்னால் வைத்தால், ஸ்டியரிங் டைராடு என்ன ஆகும்? பின்னால் ஸ்டியரிங் இல்லை. ஆகவே அந்த டைராடைச் சட்டத்தில் கட்டி நிறுத்தியிருக்கிறான். கட்டின இடம் தப்பாக இருந்தால், பள்ளம் மேட்டில் சக்கரம் ஏறி இறங்கும்போது அந்த டைராடு சக்கரத்தை இழுத்துத் திருப்பும். நீ நேராகப் பிடித்திருப்பாய், பின் சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஸ்டியரிங் பண்ணும். நூறு கிலோமீட்டரில் இது நடந்தால் பிசாசு பிடித்த வண்டி என்று ஊரே சொல்லும். சோதிக்க மெஷின் வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஜாக்கியால் அங்குலம் அங்குலமாக ஏற்றி இறக்கு. பக்கத்தில் கொத்தனார் நூல் ஒன்றை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு உயரத்திலும் ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து தூரம் அள. இரண்டும் ஒன்றுபோல் ஆகிற வரைக்கும் டைராடு கட்டின இடத்தை மாற்றிக்கொண்டே இரு. இரண்டு ஞாயிறு போகும். போகட்டும்.

கோயம்புத்தூர் கரி தடத்தில் சில ஆண்டுகளாக ஃபார்முலா பாரத் என்ற போட்டி நடந்துவருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் தாங்களே கட்டின காரோடு வருவார்கள். ஓட விடுவதற்கு முன்னால் செய்கிற சோதனைகள்தான் எனக்கு அதில் பிடித்தது. காரை ஒரு மேடையில் ஏற்றி 60 டிகிரி சாய்ப்பார்கள். ஒரு சொட்டு பெட்ரோல், ஆயில் ஒழுகக் கூடாது. அப்புறம் ஓட்டி வந்து ஒரே மிதியில் நாலு சக்கரமும் லாக் ஆகிறதா என்று பார்ப்பார்கள். எத்தனை அழகாகக் கட்டியிருந்தாலும் இதில் தேறாவிட்டால் ஓரமாக உட்கார வேண்டியதுதான். நம்மிடம் சாய்க்கிற மேடை இல்லை, ஆனால் பாகூர்ப் பக்கம் ரைஸ் மில் நெல் களம் இருக்கிறது. அறுவடை இல்லாத நாளில் கேட்டால் விடுவார்கள். சிமெண்டுத் தரை, நாலாபக்கமும் சுவர். இருபது, முப்பது வேகத்தில் பிரேக் அடித்துப் பார். எந்தச் சக்கரம் முதலில் கோடு போடுகிறது என்று பக்கத்தில் ஒருவன் நின்று பார்க்கட்டும். வட்டமாகச் சுற்று, இடது பக்கம் பத்து, வலது பக்கம் பத்து. பைபாஸில் ராத்திரி பதினோரு மணிக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று மட்டும் நினைக்காதே. எப்போதும் ஒருவர் இருப்பார், லைட் இல்லாத சைக்கிளில்.

இவ்வளவும் செய்தாலும் தடத்தில் புதிதாக ஏதாவது கிளம்பும். வழியில் ஒரகடத்தைத் தாண்டுவோமே, அங்கே பெரிய வாகன ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. சோதனைக்கென்றே தடங்கள் போட்டு வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்காரன் விற்பதற்கு முன்னால் வண்டியை அப்படிப்பட்ட இடத்தில் வதைத்து, முறிகிறது முறியட்டும் என்று பார்த்துவிடுகிறான். உன் வண்டியை இதுவரை யாரும் வதைக்கவில்லை. வீட்டுப் பிள்ளையாக வளர்த்திருக்கிறாய். அதனால் அன்றைக்கு எத்தனை செகண்டில் சுற்றினேன் என்ற பேச்சே வேண்டாம். எது கழன்றது, எது ஒழுகியது, எது சூடானது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் அன்றைய வேலை. நண்பர்கள் கேட்பார்கள், போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களை டீ வாங்க அனுப்பிவிடு.

முந்தின நாளே நட்டுக்கு நட்டு மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு போடு, நட்டிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் சேர்த்து. கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது என்று பத்தடி தூரத்திலேயே தெரியும். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் பின்னால். நடுவே நீளக் குழாய். அதில் எங்கே உயரமோ அங்கே காற்று மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் சூடு காட்டுகிற முள் பொய் சொல்லும். உயரமான இடத்தில் ஏர் எடுக்க ஒரு திருகு வை. எஞ்சின் ஆயிலை மேல் கோடு வரை நிரப்பு. திருப்பத்தில் ஆயில் லைட் ஒரு கண் சிமிட்டினாலும் உள்ளே வந்துவிடு. இழுக்கிற கொக்கி முன்னாலும் பின்னாலும் வேண்டும். ஹெல்மெட், முழுக்கை பருத்திச் சட்டை, ஷூ. உன் ஃபைபர் கூடு நெருப்புக்குச் சொந்தக்காரன். தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

கொடிகளை மனப்பாடம் செய். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் எல்லாரும் மெதுவாக உள்ளே. நீலம், பின்னால் வேகமாக ஒருவன் வருகிறான், வழி விடு. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் உனக்கென்றே செய்த மாதிரி: உன் வண்டியில் ஏதோ கோளாறு, அது எங்களுக்குத் தெரிகிறது, உனக்குத் தெரியவில்லை, உள்ளே வா.

முதல் தவணையில் மூன்றே சுற்று. மூன்றாவது கியரைத் தாண்டாதே. உள்ளே வந்து மூக்கை உபயோகி. இனிப்பாக ஒரு வாசனை வந்தால் ரேடியேட்டர் கூலண்ட் ஒழுகுகிறது. கருகின நெடி என்றால் பிரேக்கோ கிளட்சோ. சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் எது என்று தெரியும். பெட்ரோல் வாசனை வந்தால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு தள்ளி நில். டயர் காற்று சூட்டில் நாலைந்து பிஎஸ்ஐ ஏறியிருக்கும். இறக்கிச் சரி செய். ஆறின பிறகு வீல் நட்டை மறுபடி இறுக்கு. அப்புறம் இரண்டாவது தவணை, ஐந்து சுற்று. ஒவ்வொரு தவணையிலும் கடைசிச் சுற்று பிரேக்கையே தொடாமல் மெதுவாக வர வேண்டும், டிஸ்க் ஆறுவதற்காக. சாயங்காலம் களைப்பாக இருக்கும்போது யாராவது “கடைசியா ஒரு ரவுண்டு” என்பார்கள். அந்த ரவுண்டை அவர்களே ஓட்டட்டும்.

“உள்ளே வந்து நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடாதே” என்றேன். “டிஸ்க் கொதிக்கிறப்ப பேடு ஒரே இடத்துல அழுத்தி ஒட்டிக்கிட்டா, அந்த இடம் மட்டும் வேற மாதிரி ஆயிடும். அப்புறம் பிரேக் அடிச்சா வண்டி உதறும்.”

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். “மாமா, என் வண்டியில ஹேண்ட்பிரேக்கே இல்ல. முன் காலிப்பர்தானே பின்னால போட்டிருக்கேன், அதுல கேபிள் மாட்ட இடமில்ல.”

மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தான்.

“பிட்டில சரிவு இருந்தா என்ன பண்ணுவ?”

கொஞ்ச நேரம் கேட்டைப் பார்த்தான். விழுப்புரம் வண்டிக்காக மூடியிருந்தார்கள். எனக்குத் தேர் ஞாபகம் வந்தது. எங்கள் வில்லியனூர் திருக்காமீஸ்வரர் தேருக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வருகிறார். பிடித்து இழுக்க ஆயிரம் கை உண்டு. அத்தனை பாரத்தையும் நிறுத்துவது என்னவோ சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலைந்து பேர்தான். சின்னப் பையனாக இருந்தபோது இவன் வடத்தைப் பார்க்கவே மாட்டான். அவர்கள் பின்னாலேயே ஓடுவான்.

டீக்கடை தினத்தந்தியின் ஓரத்தில் பேனாவால் முக்கோணமாக ஒரு கட்டை வரைந்தான். ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் பிடிக்க வளையம். “வேலமரத்துல நாலு வெட்டிடறேன் மாமா. பத்து இன்ச் போதுமா?”

“உன் டயர் விட்டம் எவ்வளவு?” என்றேன். அளந்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனான். நாலு டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன்.